ஈரப்பலா இலை விரிப்புக்கு ஓரம் கட்டுவது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். பழைய ரீசேட்டுகளை நாடாவாக வெட்டி, சணல் சாக்கில் கொளுக்கியால் கண்ணி கண்ணியாக இழுத்து, ஈரப்பலா இலை வடிவில் ஒரு விரிப்புச் செய்து முடித்திருக்கிறார். மூன்றடி நீளம். நடுநரம்பின் இரண்டு பக்கமும் நந்நான்கு விரல்கள், உச்சியில் ஒன்று. பச்சையிலேயே ஐந்து விதம், நரம்புக்கு வெளிர்மஞ்சள். உண்மையாகவே வடிவான வேலை. பிரச்சினை ஓரத்தில்தான். சுற்றிவர அரை அங்குலம் மட்டும் விட்டுச் சாக்கை வெட்டிவிட்டார். இப்போது பின்பக்கம் மடித்தால் விரல் நுனிகளில் சாக்கு குவிந்து முண்டு முண்டாக நிற்கிறது. விரல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களிலோ சாக்கு எட்டாமல் இழுபடுகிறது. இரண்டு பள்ளங்களில் நூல் உருவவும் தொடங்கிவிட்டது. அயலில் உள்ள தையல்கடையில் கேட்டதற்கு, "பைண்டர் கம் பூசி ஒட்டிவிடுங்கோ" என்றார்களாம். "ஒட்டட்டா அன்ரி?" என்பது கேள்வி.

ஒட்ட வேண்டாம். கத்தரிக்கோலையும் எட்டத்தில் வையுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு வேலைதான்: மெசினில் சிக்சாக் தையல் வைத்து, கண்ணி முடியும் கோட்டுக்கும் வெட்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு சுற்று, வெட்டு விளிம்பை ஒட்டி இன்னொரு சுற்று தையுங்கள். சிக்சாக் இல்லாத பழைய மெசின் என்றால் கையால் கம்பளித் தையல் போடலாம், ஒரு பின்னேரத்து வேலை. ஓவர்லொக் அடிக்கலாம் என்று கடைக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம். அந்த மெசினில் கத்தி இருக்கிறது, தைத்துக்கொண்டே விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். உங்களிடம் மிச்சமிருப்பதே அரை அங்குலம், அதையும் சீவிவிட்டால் பிறகு பிடிக்க இடமில்லை.

இந்த அவசரம் எதற்கு என்றால், கொளுக்கி விரிப்பில் முடிச்சு என்று ஒன்று எங்குமே கிடையாது. சாக்கின் கீழே நாடாவைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொளுக்கியை விட்டு ஒவ்வொரு கண்ணியாக இழுத்து எடுக்கிறோம், அவ்வளவுதான். அந்தக் கண்ணி நிற்பது பக்கத்துக் கண்ணிகளின் நெருக்கத்தாலும், சாக்கு நூல்கள் அதைக் கவ்விக்கொள்வதாலும் மட்டும். நடுவில் இருக்கும் கண்ணிக்கு நாலு பக்கமும் அயலவர் உண்டு. ஓரத்துக் கண்ணிக்கு ஒரு பக்கம் வெறும் சாக்கு. அந்தப் பக்கத்துச் சாக்கு நூல் இரண்டு உருவினால் கவ்வுவதற்கு ஆளில்லை. என் பேரன் ஒருநாள் தவழ்ந்து வந்து ஓரத்துக் கண்ணி ஒன்றைப் பிடித்து இழுத்தான். சர்ரென்று ஒரு முழ நாடா கையோடு போய்விட்டது. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

பைண்டர் கம் விஷயத்தில் நான் பட்டுத் தெளிந்தவள். முதன்முதலில் செய்தது ஒரு மீன். தெஹிவளை வீட்டுக் குளியலறை வாசலுக்கு. சாக்கைக் கண்ணிக்குக் கிட்டவாக வெட்டி, வெள்ளைப் பசையைக் கட்டியாகப் பூசி ஒட்டிவிட்டேன். காய்ந்ததும் ஓரம் அட்டை மாதிரி விறைப்பாக நின்றது, எனக்குப் பெரிய பெருமை. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மழை தொடங்கி, நாளுக்கு நாள் ஈரக்கால் பட்டு, மூன்றாம் தரம் தோய்த்தபோது பசை பாலாகக் கரைந்து வந்தது. வால் பக்கத்து இரண்டு வரிசையும் சவர்க்காரத் தண்ணீரோடு போயிற்று. பசை தண்ணீரில் இளகும், காய்ந்த இடத்தில் மடங்கி மடங்கி வெடிக்கும். அதற்கு இந்த வேலையில் ஒரேயொரு இடம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கொழும்பில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சணல் நனைந்தால் பலம் குறையும், பருத்தி நனைந்தால் பலம் கூடும். நம் வீடுகளில் விரிப்பு என்றால் தோய்க்கத்தான் வேண்டும். தரையைத் துடைக்கும்போதும் ஈரம் ஏறும். வைகாசி தொடங்கினால் காயவும் காயாது. ஆகவே ஓரம் முடிப்பது என்றால் விளிம்பை மறைப்பது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓரத்தின் பாரத்தைச் சாக்கிலிருந்து எடுத்துப் பருத்தியின் தலையில் வைப்பதுதான் வேலை.

சரி, இலைக்கு வருவோம். உங்கள் விரிப்புக்கு ஓரம் ஒன்று என்று நினைத்து, சுற்றிவர ஒரே மாதிரி மடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதுதான் பிசகு. அந்த இலையில் இரண்டு விதமான ஓரம் இருக்கிறது. விரல் நுனிகளில் ஓரம் வெளியே வளைகிறது. அங்கே சாக்கைப் பின்னால் மடித்தால் பெரிய சுற்றில் இருந்த துணி சின்னச் சுற்றுக்குள் போக வேண்டும், ஆகவே மிஞ்சும். கொழுக்கட்டையின் வாயைக் கிள்ளி மூடும்போது மாவு மடிந்து மடிந்து வருமே, அதே கணக்கு. பள்ளங்களில் ஓரம் உள்ளே வளைகிறது. அங்கே சின்னச் சுற்றில் இருந்த துணி பெரிய சுற்றுக்கு விரிய வேண்டும், ஆகவே போதாது. மிஞ்சுகிற இடத்தில் சுருக்க வேண்டும், போதாத இடத்தில் பிளக்க வேண்டும். மாறிச் செய்தால் இரண்டும் கெடும்.

மிஞ்சுகிற இடத்தில் எல்லோரும் முக்கோணமாக வெட்டி எடுக்கச் சொல்வார்கள். நெருங்கிய துணிக்கு அது சரி. சாக்கு ஐதான நெசவு, ஒவ்வொரு வெட்டும் நூல் உருவுவதற்கு ஒரு வாசல். நான் வெட்டுவதில்லை. வெட்டு விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஒரு ஓட்டத் தையல் ஓட்டி, நூலின் இரண்டு நுனியையும் மெல்ல இழுத்தால் மிஞ்சிய சாக்கு பாவாடை இடுப்பு மாதிரி ஒரே சீராகச் சுருங்கிப் பின்பக்கம் படிந்துவிடும். ஈரச் சீலை போட்டு அயன் பெட்டியால் அழுத்தினால் முண்டு தெரியாது. மீன், மாங்காய், முட்டை வடிவம், வட்டம் போன்றவற்றுக்கு இதுவே போதும். அவற்றில் பள்ளம் இல்லை, அல்லது மீன் வாலடியில் இருப்பதுபோல் ஒன்றிரண்டுதான்.

உங்கள் இலையில் பள்ளம் எட்டு. அதுவும் ஆழமானவை. அந்த மாதிரி இடத்தில் எந்தச் சாமர்த்தியமாக மடித்தாலும் பள்ளத்தின் அடியில் பிளவு கண்ணி வரைக்கும் வந்துதான் நிற்கும். பிளந்த இடத்தைச் சாக்கே தாங்காது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது உள்பட்டி. சாறி ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டும்போது என்ன செய்கிறோம்? கழுத்தின் வடிவிலேயே ஒரு துணியை வெட்டி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கத்தை வைத்துத் தைத்து, வளைவில் சிறு வெட்டுகள் போட்டு, உள்ளே திருப்பிவிடுகிறோம். பானைக் கழுத்து, இலைக் கழுத்து எல்லாம் அப்படித்தான் வருகிறது. உங்கள் விரிப்பு ஒரு மிகப் பெரிய, மிகவும் கோணலான ஜாக்கெட் கழுத்து. அப்படி நினைத்துக்கொண்டால் பயம் பாதி போய்விடும்.

துணிக்கு மெல்லிய பருத்திப் பொப்ளின் எடுங்கள். கடும்பச்சை அல்லது மண்நிறம். புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஏறி இறங்கினால் வேண்டிய நிறம் வரும், ஒன்றேகால் மீற்றர் தாராளம். பொலியெஸ்ரர் கலந்ததைத் தள்ளிவிடுங்கள், அயன் சூட்டுக்கு மடிப்புச் சரியாக நிற்காது. வாங்கியதை இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அயன் பண்ணுங்கள். புதுப் பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் விரல்கள் எல்லாம் பின்னுக்குச் சுருண்டு, இலை வாடின மாதிரி ஆகிவிடும்.

அதற்கு முன்னம் விரிப்பை ஒருதரம் ஆவி பிடிக்க வேண்டும். தடிப்பான துவாயை மேசையில் விரித்து, விரிப்பை முகம் குப்புறப் போட்டு, நனைத்துப் பிழிந்த சீலையை மேலே போட்டு, அயன் பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் போங்கள். தேய்த்து இழுக்கக் கூடாது, கண்ணி சாயும். பிறகு சமதரையில் அப்படியே விடுங்கள். ஃபானுக்குக் கீழே ஒரு இரவு போதும், மழைநாள் என்றால் இரண்டு இரவு. கொளுக்கி வேலையில் விரல்கள் சற்று மேலெழும்பி வளைந்து நிற்பது வழமை, இந்த ஆவியில் அரைவாசி படிந்துவிடும். படியாமல் எழும்பி நிற்கிற விரல் இருந்தால் அதில் கண்ணிகள் அளவுக்கு மிஞ்சி நெருக்கம் என்று அர்த்தம். அங்கங்கே ஒரு வரிசை இழுத்து எடுத்துவிடலாம், பக்கத்துக் கண்ணிகள் விரிந்து மூடிக்கொள்ளும்.

நூல் உருவிய அந்த இரண்டு பள்ளங்களையும் இப்போதே ஒட்டுப் போட்டு ஆற்ற வேண்டும். பழுதான இடத்தைவிடச் சுற்றிவர இரண்டு அங்குலம் பெரிதாகப் புதுச் சாக்குத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதைப் பின்பக்கத்தில், நெசவு நூலும் நெசவு நூலும் ஒரே திசையில் வரும்படி வைத்து, நூலோட்டிப் பிடியுங்கள். பழுதைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குக் கண்ணிகளை எடுத்துவிட்டு, இரண்டு சாக்கையும் சேர்த்து ஊடுருவித் திரும்பக் கண்ணி போடுங்கள். கை நோகும், கொளுக்கி கடினமாகத்தான் இறங்கும். ஆனால் அந்த இடம் மற்ற எல்லா இடத்தையும்விட உறுதியாக நிற்கும்.

இனி உள்பட்டி. பொப்ளினைத் தரையில் விரித்து, அதன்மேல் விரிப்பை முகம் கீழே பார்க்கப் போடுங்கள். துணியின் நல்ல பக்கமும் விரிப்பின் முகமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். சுற்றிவரக் குண்டூசி குத்தி, பெரிய ஓட்டத் தையலால் பிடியுங்கள். இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது விரிப்பின் பின்பக்கம். கண்ணி எங்கே முடிகிறது என்று கோடு போட்டதுபோல் தெரியும். அந்தக் கோட்டுக்கு ஒரு சாக்கு நூல் வெளியே தையல் ஓட வேண்டும். அதைவிட எட்டத் தைத்தால் திருப்பிய பிறகு ஓரத்தில் சாக்கு பல்லிளிக்கும், கண்ணிக்கு மேலே தைத்தால் கண்ணி நசுங்கும். மெசினில் சிப் தைக்கும் ஒற்றைக்கால் பாதத்தைப் போட்டால் கண்ணியின் தடிப்பு இடிக்காது. என்னைக் கேட்டால், இவ்வளவு வளைவுள்ள வேலைக்குக் கையால் பின்தையல் போடுவதே நிம்மதி. பொத்தான் தைக்கும் தடித்த நூல், நடுத்தர ஊசி, ஒவ்வொரு தையலும் அரிசி நீளம். இரண்டு மூன்று நாள் இருந்து ஆறுதலாகத் தைக்கலாம்.

பள்ளத்தின் அடிக்கு வரும்போது தையலைப் பாதியாகச் சின்னதாக்குங்கள். அடியைக் கூர்மையாக முடிக்காமல் லாடம் மாதிரி வளைத்துக் கொண்டு போங்கள், அடியில் குறைந்தது இரண்டு தையலாவது குறுக்கே கிடக்க வேண்டும். கூராக முடித்தால் திருப்பும்போது இழுவை முழுவதும் ஒரே புள்ளியில் விழும், ஜாக்கெட்டில் கழுத்து மூலை கிழிகிற அதே இடம். அதே தையலின் மேலேயே பள்ளத்தைச் சுற்றி இன்னொருதரம் தையுங்கள்.

சுற்று முடிந்ததும் துணியைப் புரட்டி, தையலிலிருந்து உள்ளே இரண்டு அங்குலம் விட்டு, நடுத்துணியை வெட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது இலை வடிவில் ஒரு வளையம். வெளியே மிஞ்சியிருக்கும் பொப்ளினையும் சாக்கின் அளவுக்கு அரை அங்குலத்தில் வெட்டலாம். இப்போது பள்ளங்களைப் பிளக்க வேண்டும். கூரான சின்னக் கத்தரிக்கோலால், இரண்டு துணியையும் சேர்த்து, பள்ளத்தின் நடுவால் நேரே இறங்கி, தையலுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்கும்போது நில்லுங்கள். எட்டத்தில் நின்றால் திருப்பியபின் பள்ளம் சுருக்கு விழும், தையலை வெட்டினால் கதை முடிந்தது. பைண்டர் கம்முக்கு இடம் உண்டு என்றேனே, அது இங்கேதான். தண்ணீர் கலந்து இளக்கிய பசையை ஒரு தீக்குச்சி நுனியில் தொட்டு, பிளவின் முடிவில் ஒரு பொட்டு. காய விட்டு மற்ற வேலை. திருப்பித் தைத்து முடியும்வரை நூல் பிரியாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் அது.

விரல் நுனிகளில் முன்னே சொன்ன ஓட்டத் தையல், சுருக்கு. நுனி உங்கள் பெருவிரலைவிட ஒடுக்கமாகக் கூரானது என்றால் திருப்பும்போது உள்ளே துணி அடைந்து கட்டியாகும். அங்கே மட்டும் மிஞ்சிய துணியை மெல்லிதாகச் சீவிவிடுங்கள். இனி வளையத்தை ஒவ்வொரு விரலாகப் பின்பக்கம் திருப்புங்கள். விரிப்பு தடிப்பு, அதைப் புரட்டத் தேவையில்லை. மெல்லிய பொப்ளின்தான் சுற்றிவந்து பின்னே போகிறது, ஆகவே நினைப்பதைவிட இலேசாக வரும். ஓரத் தையல் முகத்தில் தெரியாமல் ஒரு நூலளவு பின்னுக்குத் தள்ளி, ஈரச் சீலையோடு அயன் பண்ணுங்கள். உள்விளிம்பைக் கால் அங்குலம் மடித்துச் சாக்கோடு மறைதையல் போடுங்கள். ஊசி சாக்கு நூலை மட்டும் அள்ள வேண்டும், கண்ணி நாடாவைக் குத்தினால் முகத்தில் சின்னக் குழி விழும்.

இதோடு விட்டாலும் விரிப்பு முழுமையானதுதான். ஆனால் காலடியில் கிடக்கிற விரிப்புக்கு முதலில் தேய்வது விளிம்பு. அதற்கு ஒரு கவசம் வேண்டுமென்றால் விளிம்பு மூடும்படி தடித்த நூல் சுற்றலாம். இந்த வேலையை நான் கற்றது ரொறன்ரோவில், மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தபோது. மாடிவீட்டில், கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூபவுண்ட்லாந்துக்காரி ஒருத்தி இருந்தார், எண்பது வயதுக்கு மேல். சாக்கை அவர்கள் ஊரில் பிரின் என்பார்களாம். நான் சுற்றியதைக் கண்ணாடி போடாமல் விரலால் தடவிப் பார்த்தே, "இங்கே ஒரு கண் விட்டுவிட்டாய்" என்று சரியான இடத்தைக் காட்டுவார்.

அவர்கள் பக்கத்தில் இது பழைய பிழைப்பு. 1892 இல் அதற்குப் பக்கத்து லப்ரடோர் கரைக்குப் போன வில்ஃபிரட் கிரென்ஃபெல் என்ற ஆங்கில மருத்துவரின் மிஷன், மீனவக் குடும்பத்துப் பெண்கள் இழுத்த விரிப்புகளை வாங்கி வெளியூர்களில் விற்றது. கிழிந்த பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கி, சாயம் போட்டு, நாடாவாக வெட்டி இழுத்திருக்கிறார்கள். நாம் ரீசேட்டுக்குச் செய்வதும் அதுதான். சாக்கோ நம் பக்கத்திலிருந்து போனது, வங்காளத்துச் சணல். அந்தப் பழைய விரிப்புகள் பெரும்பாலும் நீள்சதுரம், ஏனென்றால் பிரித்த சாக்கு நீள்சதுரம். நேர் ஓரத்தை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. இலை வடிவில் வெட்டுகிற நாம்தான் வம்பை விலைக்கு வாங்குகிறோம்.

நூல் சுற்றுவதற்கு ஓரத்தில் ஒரு கயிறு வேண்டும், மூன்று நாலு மில்லிமீற்றர் பருத்திக் கயிறு போதும். பைப்பிங் கயிறு என்று கேட்டால் தருவார்கள். உங்கள் விரிப்பில் அதை மடிப்புக்குள் வைக்க முடியாது, ஓரத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றையும் ஓரத்தையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். கணக்கு எளிது: ஒரு அங்குல ஓரத்துக்கு ஒரு அடி நூல். ஓரத்தை அடிமட்டத்தால் அளக்க முடியாது, ஒரு தடித்த நூலை வளைவு வளைவாக வைத்துப்போய், பிறகு அதை நீட்டி அளவுங்கள். 160 அங்குலம் வந்தால் 160 அடி நூல், கிட்டத்தட்ட 50 மீற்றர். ஒரே சாயத்தில் ஒரேயடியாக வாங்குங்கள், பாதியில் முடிந்தால் அடுத்த பந்து அதே பச்சையாக இருக்காது. அக்ரிலிக் வூல் மலிவு, தோய்த்தாலும் நிறம் நிற்கும், ஆனால் மிதிபட மிதிபட முடி கிளம்பும். தடித்த பருத்திநூல் கிடைத்தால் அதுதான் என் தெரிவு.

மொட்டை முனை ஊசியில் முழங்கையளவு நூல் கோர்த்துக்கொள்ளுங்கள், நீளம் கூடினால் பாதியிலேயே பஞ்சாகிவிடும். முடிச்சுப் போட வேண்டாம். நூலின் நுனியைக் கயிற்றோடு ஒரு அங்குலம் படுக்கவைத்து, அதன்மேலேயே சுற்றிப் போனால் தானாக இறுகும். ஊசி எப்போதும் பின்னாலிருந்து முன்னுக்கு வரட்டும், பாதியில் திசை மாற்றினால் சுற்றின் சாய்வு மாறி உடனே கண்ணில் குத்தும். நேர் ஓரத்தில் சாக்கின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சுற்று. விரல் நுனியில் வெளிச்சுற்று நீளம் என்பதால் நூல்கள் விசிறி மாதிரி விரிந்து கயிறு தெரியும், அங்கே ஒரே கண்ணில் இரண்டு சுற்று. பள்ளத்தில் நேர்மாறு: நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஒரு கண் விட்டு ஒரு கண் போதும். பள்ளத்தின் அடியில் கயிற்றை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு கடுகளவு தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாயும்.

கடையில் விற்கும் நேர் நாடாவை வைத்துச் சுற்றித் தைக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நேராக நெய்த நாடா வளையாது, உங்கள் இலைக்கு அது ஆகாது. துணியைக் குறுக்காக, நாற்பத்தைந்து பாகையில் வெட்டிய பட்டி, தையல்காரர் பயஸ் என்பது, மெதுவான அலையுள்ள ஓரத்துக்கு நன்றாக வரும். தைக்கும் முன்பே அயன் சூட்டில் அந்த வளைவுக்கு வளைத்துப் பழக்கிவிட வேண்டும். தாமரை இலை, முகில், அரைவட்டம் என்றால் அதையே சொல்லியிருப்பேன். ஆழமான பள்ளத்துக்கு அதுவும் சுருக்கு விழும்.

பின்பக்கம் முழுவதையும் துணியால் மூடவும் ஆசை வரும். சுவரில் தொங்கவிடுவதென்றால் மூடுங்கள். தரைக்கு வேண்டாம். மண்ணும் மணலும் சாக்கின் கண்களால் இறங்கிப் பின்துணிக்குள் அடைபடும், மிதிக்க மிதிக்க உள்ளேயிருந்து நூலை அறுக்கும். கொழும்புக் காற்றில் அது காயவும் மாட்டாது, ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் மணக்கும். இறப்பர் பால் பூசுவதும் அப்படித்தான். சில வருடத்தில் காய்ந்து தூளாகக் கொட்டும், பழுதான கண்ணியைப் பிறகு திருத்தவும் விடாது. வழுக்குமென்று பயமென்றால், வயதானவர்கள் நடக்கும் வீட்டில் பயப்படத்தான் வேண்டும், வழுக்காத வலை விரிப்பை அளவாக வெட்டிக் கீழே போடுங்கள். விரல் நுனிகள் வரைக்கும் வலை போக வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொன்னால் கோபிக்க வேண்டாம். பள்ளங்களை வெட்டாமலே விட்டிருக்கலாம். விரல்களுக்கு இடையை உங்கள் தரை ஓட்டின் நிறத்தில் கண்ணி போட்டு நிரப்பி, வெளிக்கோட்டை ஒரு பெரிய முட்டை வடிவமாக முடித்திருந்தால், பார்வைக்கு இலை, தைக்கிறவருக்கு வெறும் முட்டை. ஒடுக்கமான பள்ளங்களில் காலின் சின்னவிரல் கொளுவும், தும்புத்தடியும் கொளுவும். உங்களுக்கு வெட்டி ஆயிற்று, அடுத்த விரிப்புக்கு யோசியுங்கள். அடுத்த விரிப்பில் இன்னும் இரண்டு. சுற்றிவர மூன்று அங்குலம் சாக்கு விடுங்கள், நாலாம் குறுக்குத் தெருவில் சாக்குக்கு என்ன பஞ்சம். வெளிக்கோட்டை ஒட்டி, கோடு போகிற போக்கிலேயே முதல் இரண்டு வரிசை கண்ணியைப் போட்டுவிட்டு உள்ளே நிரப்புங்கள். நாடாவின் நுனிகள் ஓரத்து வரிசையில் வரவே கூடாது, இரண்டாம் வரிசைக்கு உள்ளே வரட்டும்.

படத்தில் காம்பு ஒன்றும் கீறி வைத்திருக்கிறீர்கள், ஒரு அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம். அவ்வளவு ஒடுக்கத்தில் கண்ணி போட்டு ஓரமும் கட்டினால் ஓரமே காம்பாகிவிடும். மஞ்சள் ரீசேட் நாடா ஒன்பதை எடுத்து மும்மூன்றாகச் சேர்த்து, தலைமுடி பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னி, உள்பட்டியின் கீழே இரண்டு அங்குலம் போகும்படி வைத்துத் தைத்துவிடுங்கள். குசினி வாசலில் போடுவதென்றால் காம்பே வேண்டாம், சட்டியோடு வருகிற ஆள் தடக்கும்.